வெண்கலத்தின் தாகம்

பம்ப்காரர் சாக்கு மூட்டையைப் பட்டறைத் தரையில் இறக்கினார். அது ‘டொக்’ என்றது. உலைக்காரம்மாவுக்கு அந்த ஒரு சத்தம் போதும். முழுசாக இருக்கிற வெண்கலம் தரையில் பட்டால் மணியடிக்கும், ஒடிந்தது இருமும்.

“என்ன, சக்கரம் போச்சா?”

“மூணு இறக்கை ஒடிஞ்சிடுச்சுக்கா. கல்லு ஏதோ உள்ள பூந்திருக்கு.”

ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப்பின் வயிற்றுக்குள் சுழலும் சக்கரம் அது. சோற்றுத் தட்டு அகலம். நடுவில் தடித்த குமிழ். குமிழைச் சுற்றி வளைந்து வளைந்து கிளம்பும் மெல்லிய இறக்கைகள். அது நின்றுபோனதிலிருந்து கீழ்த்தெருக் குழாய்களில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் லாரி வந்தால் ஒரு குடத்துக்கு நாலு சண்டை. நேற்று லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு பெரியவர் பல்லை உடைத்துக்கொண்டார்.

“புதுசு வர மாசக்கணக்காகுமாம். வெளியூர்ப் பெரிய பட்டறையில கேட்டா வரிசையில நில்லுன்னுட்டான். ஆபீஸ்ல நான்தான் சொன்னேன், உலைக்காரம்மா ஊத்திக் குடுத்த சரக்குல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு. ஆனா உங்க கை இப்படித் தொங்குதே?”

வலது கை கழுத்துத் துணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. காலமெல்லாம் நெருப்போடு குடித்தனம் நடத்தியவள், போன வாரம் அணைந்துபோன கரிக்குவியலில் தடுக்கி விழுந்து தோளைப் பிசக வைத்துக்கொண்டாள். வலியைவிட அந்தக் கேவலம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கை போனா என்ன, வாய் இருக்கே! ஊத்த ஆளிருக்கு. போயிட்டு வாங்க.”

ஆளிருக்கு என்று அவள் சொன்னதும் மகன் திரும்பி வாசலைப் பார்த்தான், யாராவது வருகிறார்களோ என்று. அவன் மரத்தில் மாதிரி செதுக்குகிறவன். மர மாதிரிக்குப் பட்டறையில் ‘பேட்டன்’ என்று பேர்; தெரு அவனையும் அப்படியே கூப்பிடும். உளி பிடித்தால் தலைமுடியைக்கூட நாலாக வகுந்துவிடுவான். நெருப்பைக் கண்டால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான். தூக்கிப்போக ஒரு கை கொடுப்பான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே ஆள் என்று அம்மா சொன்னது யாரை என்பது அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மருமகள் முற்றத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தாள்.

சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஐஸ் பாக்டரிக்காரர் மகள் அவள். பிறந்ததிலிருந்து பனிக்கட்டிப் பாளங்களைக் கொக்கியால் இழுத்து இழுத்து உரமேறிய தோள். கல்யாணத்தன்றே தெருவில் ஒரு வாயாடி, “உலை வீட்டுக்கு ஐஸ் மருமகளா? எத்தனை நாளைக்குத் தாங்கும், உருகி ஓடிடப் போகுது” என்றாள். மருமகள் சிரித்துக்கொண்டே, “உருகினா என்ன, மறுபடி கெட்டியாகத் தெரியும் எங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாள். உலைக்காரம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்ததை வெளியே சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பேட்டன் ஒடிந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளந்து, புது மரச் சக்கரம் ஒன்றைச் செதுக்கி முடித்தான். மருமகள் அதையும் ஒடிந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல் விட்டுவிட்டாள்.

மண் வேலை தொடங்கியது. உலைக்காரம்மா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏவினாள்.

“மண்ணை ஒரு கைப்பிடி எடு. அமுக்கு. இப்ப ஒடை. ரெண்டா ஒடைஞ்சா சரி. பொடிஞ்சா ஈரம் பத்தலை. கையில ஒட்டினா ஈரம் ஜாஸ்தி.”

“ரெண்டா ஒடையுது அத்தை.”

“அப்ப போடு பெட்டியில. இடி. அங்க இல்லை, ஓரத்துல! உங்க அப்பா வீட்டுல சோறு போடலையா?”

“போட்டாங்க. அதான் இந்தப் பெட்டி இன்னும் ஒடையாம இருக்கு. இன்னும் வேகமா இடிச்சா உங்க பெட்டிக்கு நான் பொறுப்பில்லை.”

“வாயைப் பாரு!”

மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி இரண்டிலும் மண்ணை இடித்து, நடுவிலிருந்து மரச் சக்கரத்தை அலுங்காமல் உருவி எடுத்தால், சக்கரத்தின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மண்ணுக்குள் நிற்கும். அதற்கு மேலிருந்து இரண்டு துளை. ஒன்று வெண்கலம் ஊற்ற. இன்னொன்று, அகலமானது, குமிழுக்கு நேர் மேலே. உள்ளே நிரம்பிய வெண்கலம் அதன் வழியாக எழும்பி வந்து எட்டிப்பார்க்கும். பட்டறையில் அதை ரைசர் என்பார்கள்.

மறுநாள் காலை உலை பற்றியது. ஊதுகாற்று இரைந்தது. உருக்கும் பாத்திரமான மூசைக்குள் பழைய வால்வுகளும் குழாய்த் திருகுகளும் ஒடிந்த சக்கரமும் முதலில் கறுத்து, பிறகு சிவந்து, பிறகு ஓரம் மழுங்கி உட்கார்ந்து, கடைசியில் ஒன்றோடொன்று கலந்து வெயில் பட்ட குளம்போலத் தளும்பின. மேலே வெள்ளைப் புகை எழும்பியது.

“புகை பார்த்தியா? அது துத்தநாகம். ரொம்பக் காய்ச்சினா பாதிச் சரக்கு இப்படிப் பறந்தே போயிடும். மூக்குல துணியைக் கட்டு. இல்லைன்னா சாயங்காலம் குளிர் ஜுரம் வந்து நடுங்குவே.”

“நடுக்கம் எனக்குப் புதுசா அத்தை? பிறந்ததே ஐஸ் ரூம்லதான்.”

புருஷனும் பெண்டாட்டியும் மூசையை இடுக்கித் தண்டில் தூக்கி வந்தார்கள். மருமகள் ஊற்றினாள். கை ஆடவில்லை, தாரை அறுபடவில்லை. ரைசரில் வெண்கலம் மினுங்கிக்கொண்டு மேலே வந்தது. உலைக்காரம்மாவின் மனசு நிறைந்துபோனது.

“கரண்டியால ரைசரை நிரப்பு. நிரப்பிட்டுக் கரித்தூள் போட்டு மூடு!” என்று சொல்லிவிட்டு, இரைந்துகொண்டிருந்த ஊதுகாற்றை நிறுத்த அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கரித்தூள் நேர்த்தியாக மூடியிருந்தது.

ஆறினதும் மண்ணை உடைத்தார்கள். சக்கரம் வெளியே வந்தது பாருங்கள், அப்படி ஒரு அழகு! இறக்கை ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, “நகை மாதிரி இருக்கு” என்றாள். “பின்னே?” என்றாள் உலைக்காரம்மா. பம்ப்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ரைசரை அறுத்துவிட்டு, தண்டு நுழைவதற்காகக் குமிழில் துளை போட ஆரம்பித்தான் பேட்டன். துரப்பணம் ஒரே சீராக முனகிக்கொண்டு இறங்கியது. பாதியில் திடீரென்று ‘லொடக்’ என்று உள்ளே விழுந்தது.

உலைக்காரம்மா துளைக்குள் சுண்டுவிரலை விட்டாள். உள்ளே எலுமிச்சம்பழம் உருட்டி வைக்கலாம்போல ஒரு பொந்து.

பேட்டன் குரலைத் தாழ்த்தினான். “அம்மா, ஈயம் காய்ச்சி ஊத்தி அடைச்சுடறேன். மேல தண்டு வந்துடும். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்டா.”

இடது கையால் சம்மட்டியை எடுத்தாள். தோள் வலியில் முகம் கோணியது. குமிழின் தலையில் ஒரே போடு. நகை மாதிரி இருந்தது இரண்டாகப் பிளந்தது. பொந்தின் உட்சுவர் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது.

“குடிக்கக் கேட்டிருக்கு, குடுக்கலை. ரைசரை யார் நிரப்பினது?”

தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி. மருமகள் பின்வாங்கவில்லை.

“நான்தான். நாலு விரக்கடை கீழேயே நிறுத்திட்டேன்.”

“நிரப்புன்னு காது கிழியக் கத்தினேனே! நாலு விரக்கடைன்னு எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லலை அத்தை. கை தானா நின்னுடுச்சு.” அவள் தன் கையையே பார்த்தாள். “எங்க வீட்டுல டின்னுல தண்ணி பிடிச்சா விளிம்பு வரைக்கும் பிடிக்க மாட்டோம். நாலு விரக்கடை விட்டுத்தான் நிறுத்துவோம். தண்ணி கெட்டியாகும்போது வளரும். எடம் விடலைன்னா டின்னு வயிறு வெடிச்சுடும். சின்ன வயசுலேர்ந்து பழகின கை.”

“வளருமா! தண்ணி வளருமா! என் காதுல பூ சுத்தாதே. எதுவும் ஆறினா சுருங்கும். காலங்காலமா பார்க்கறேன்.”

அன்றைக்குச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. தட்டுகளுக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். குடத்தில் அடித்தண்ணீர்தான் மிச்சம். சாய்த்துத்தான் மொள்ள வேண்டியிருந்தது. உலைக்காரம்மா இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆற்றாமை அடங்கவில்லை. பம்ப்காரரிடம் என்ன சொல்வது? ஒரு சரக்கும் திரும்பி வராத பட்டறையில் சரக்கு வாசலையே தாண்டவில்லை என்றா?

மருமகள்தான் பேச்சை எடுத்தாள். “அத்தை, ஒண்ணு கேக்கவா? தண்ணியில ஐஸைப் போட்டா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? மிதக்கும்.”

“ஏன் மிதக்குது?”

“ஏன்னா... ஐஸ் மிதக்கும். இதென்ன கேள்வி?”

“வளர்ந்ததால மிதக்குது. அதே தண்ணி, அதே எடை. ஆனா அதிக எடம் அடைச்சுக்குது. அதான் மேல வந்துடுது. சரி, உங்க மூசையில வெண்கலம் உருகி நிக்கும்போது ஒரு வெண்கலத் துண்டைப் போட்டா?”

உலைக்காரம்மாவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. எத்தனை மூசை, எத்தனை துண்டு! இடுக்கியால் போடுவாள், ‘களுக்’ என்று போய்விடும். அடியில் போய் உட்கார்ந்துதான் கரையும். ஒன்றாவது மிதந்து பார்த்ததுண்டா?

“முங்கிடும்,” என்றாள் மெதுவாக. “முங்கித்தான் போகும்.”

“அப்ப உங்களுது சுருங்கறது. எங்களுது வளர்றது. ரெண்டும் நிஜம்தான் அத்தை.”

“அடிப் பாவி!” என்றாள் உலைக்காரம்மா. திட்டின மாதிரி இல்லை. “இத்தனை காலமா கண்ணு முன்னாடி முங்குது. நான் ஒரு நாளும் ஏன்னு கேக்கலை பாரு.” பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். “இறக்கை மெல்லிசு, முதல்ல கெட்டியாயிடும். குமிழ் தடி, அது கடைசியாத்தான் ஆறும். ஆறும்போது சுருங்கிக்கிட்டே தாகம் தாகம்னு கேக்கும். மேல ரைசர்ல சரக்கு இருந்தா இழுத்துக் குடிச்சுக்கும். இல்லைன்னா தன் வயித்தையே குடைஞ்சுக்கும். இதை உனக்கு நான் சொல்லியிருக்கணும். உலை வீட்டுக்கு வந்தவளுக்குத் தானா தெரியும்னு நினைச்சுட்டேன்.”

பேட்டன் இப்போதுதான் வாயைத் திறந்தான். “அதனாலதானே நான் மரத்தை ஒரு நூல் பெருசாச் செதுக்கறேன். சுருங்கறதுக்கு.”

மருமகள் அவனைப் பார்த்து விழித்தாள். “அதுக்காகவா? அன்னைக்கே அளவு பெருசா இருந்ததைப் பார்த்தேன். பாவம், அளக்கத் தெரியலை போலிருக்கு, அத்தை முன்னாடி எதுக்கு மானத்தை வாங்கணும்னு விட்டுட்டேன்.”

உலைக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் தோள் வலித்தது. வலியில் திட்டினாள். திட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள். பேட்டன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஆனால் கை கழுவும்போது அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “இந்தத் தடவை அடுத்த தெருப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுடலாம்மா. பழகின கை. கீழ்த்தெரு பூரா குடத்தோட நிக்குது. இன்னொரு தடவை தப்பினா தாங்காது.”

உலைக்காரம்மாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் நன்றாகவே ஊற்றுவான். ஊற்றிவிட்டு, டீக்கடை டீக்கடையாகப் போய், உலைக்காரம்மாவுக்கு நான்தான் கை கொடுத்தேன் என்றும் ஊற்றுவான். ஆனால் அவள் மானத்துக்காக ஊர் தாகத்தோடு கிடப்பதா?

“நானே ஊத்தறேன் அத்தை,” என்றாள் மருமகள்.

“இது விளையாட்டில்லைம்மா.”

“எனக்கும் விளையாட்டில்லை. எங்க அப்பா பாக்டரியில நான் தண்ணி பிடிச்ச டின்னு ஒண்ணுகூட வெடிச்சதில்லை. உங்களுக்குப் பேரு இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு பேரு இருக்கு. இங்க வந்து முதல் காரியமே பொந்துன்னு போனா நான் எப்படித் தெருவுல நடப்பேன்? நான் கெடுத்தது, நான்தான் சரி பண்ணணும். வேற ஒருத்தர் கை அதுல படக் கூடாது.”

உலைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தத் திமிரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. கண்ணாடியில்தான், வேறெங்கே?

“ஒடைஞ்சதை எல்லாம் பொறுக்கி மூசையில போடு. வெண்கலத்துல ஒரு சௌகரியம். தப்புப் பண்ணினா உருக்கிக்கலாம்.”

பம்ப்காரர் வந்தார். “சக்கரம் தயாரா அக்கா?” என்றார். “நாளைக்கு வாங்க,” என்று மட்டும் சொன்னாள். பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடி, உலை பற்றி, வெண்கலம் தளும்பி, மூசையைத் தூக்கும் நேரம் பார்த்துச் சடசடவென்று கொட்டியது மழை. தகரக் கூரை இரைச்சலில் பேச்சே காதில் விழவில்லை. கூரையில் ஓட்டை எங்கே இருக்கும்? சரியாகப் பெட்டிக்கு மேலேதான். பெட்டியை நகர்த்தினால் உள்ளே மண் சரிந்துவிடும். கொதிக்கிற வெண்கலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கினாலோ, அது ஆவியாகப் பெருத்து வெண்கலத்தை அள்ளி மூஞ்சியில் அடித்துவிடும்.

“நிறுத்திடலாமா?” என்று பேட்டன் கத்தினான்.

“தூக்குடா!” என்றாள் உலைக்காரம்மா. மூலையில் கிடந்த தகரத் துண்டை இடது கையால் எடுத்துப் பெட்டிக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். பட்டறையின் முதலாளி குடையாக நின்றாள். சொட்டுகள் தகரத்தில் விழுந்தன; கீழேயிருந்து அடிக்கிற அனலில் சீறி ஆவியாகி அவள் முகத்தைச் சுற்றி மிதந்தன.

மருமகள் ஊற்றினாள். ரைசரில் வெண்கலம் எழும்பியது. கரண்டியை எடுத்து விளிம்பு வரை நிரப்பினாள். இம்முறை கை நிற்கவில்லை. தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டுக் கரண்டியோடு காத்திருந்தாள். சற்று நேரத்தில் மினுங்கும் பரப்பின் நடுவே லேசாகக் குழி விழுந்தது. ஊற்றினாள். மறுபடியும் குழி. மறுபடியும் ஊற்றினாள்.

உலைக்காரம்மாவுக்கு இடது கை விட்டுப்போயிற்று. ஆவியில் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. “போதும். மூடு,” என்றாள்.

“இல்லை அத்தை. இன்னும் குடிக்குது.”

“போதும்னு சொல்றேன்ல?”

“இன்னும் குடிக்குது. தகரத்தைப் பிடிங்க!”

அந்தப் பட்டறையில் உலைக்காரம்மாவை அதட்டிய ஆள் அதுவரை பிறக்கவில்லை. கோபம் வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மருமகள் ஊற்றியதை அந்த வாய் மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் ஒரு வாய். இன்னும் அரை வாய். பிறகு குழி விழவில்லை. மேலே மங்கலாக ஆடை படர்ந்தது. அப்போதுதான் மருமகள் கரித்தூளை அள்ளிப் போட்டாள்.

உலைக்காரம்மா தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வாய் ‘போதும்’ என்றதைத் தாண்டி அந்தப் பெண் சரக்கைப் பார்த்து நின்றாளே! அவளுக்குப் பெருமையாக இருந்தது.

துரப்பணம் குமிழுக்குள் இறங்கியபோது மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே முனகல். பொன்னிறச் சுருள்கள் பேட்டனின் காலடியில் குவிந்துகொண்டே போயின. முனை அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததும் அவன் பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடித்தான். அம்மா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் துரப்பணத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

சக்கரத்தைப் பம்ப்காரர் கையில் கொடுத்தனுப்பவில்லை. மூவரும் தாங்களே தூக்கிக்கொண்டு பம்ப் அறைக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. வாசலில் கீழ்த்தெரு முழுக்கக் குடத்தோடும் வாளியோடும் நின்றது. தண்டில் ஏற்றி, திருகி, மூடி, பொத்தானை அமுக்கினார் பம்ப்காரர். மோட்டார் ஒரு தரம் செருமியது. குழாய் நடுங்கியது. முதலில் காற்று, பிறகு செந்நிறத்தில் துரு, பிறகு அறைக்கு வெளியே இருந்த குழாயில் மணிக்கட்டுத் தடிமனுக்குத் தெளிந்த தண்ணீர். ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், மோட்டார் சத்தமே அமுங்கிப்போயிற்று.

பம்ப்காரர் குமிழ் இருந்த பக்கமாகக் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஒரு அதிர்வு இல்லையே! கம்பெனிச் சக்கரம்கூட இப்படி ஓடினதில்லை. ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிக்கா ஊத்தினீங்க? உங்க கையே கைதான்.”

கூட்டம் தலையாட்டியது. சும்மா இருந்திருந்தால் போதும். பேர் அவளோடு வீட்டுக்கு வந்திருக்கும். மருமகளும் தலையைக் குனிந்துகொண்டு சும்மாதான் நின்றாள்.

“இதை நான் ஊத்தலை,” என்றாள் உலைக்காரம்மா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “முதல்ல ஒண்ணு ஊத்தினோம். உள்ளே பொந்து விழுந்துடுச்சு. என் பட்டறையில, என் கண் முன்னால. நேத்து உங்ககிட்ட நாளைக்கு வாங்கன்னு சொன்னது அதனாலதான். அதை ஒடைச்சுப் போட்டுட்டு மறுபடியும் ஊத்தினது இது. ஊத்தினது என் மருமக. நான் போதும்னு சொன்னேன். அவ போதாதுன்னா. நான் சொன்னதைக் கேட்டிருந்தா இப்ப நீங்க லாரிக்குப் பின்னாடிதான் ஓடிக்கிட்டிருப்பீங்க.”

மருமகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கூட்டத்துக்குள் முணுமுணுப்பு ஓடியது. உலைக்காரம்மா பட்டறையில் பொந்து விழுமா? அதை அவளே சொல்வாளா?

கல்யாணத்தன்று வாயாடின அதே பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். “யாரு, அந்த ஐஸ் வீட்டுப் பொண்ணா ஊத்தினா?”

“ஆமா. ஐஸ் வீட்டுப் பொண்ணுதான்,” என்றாள் உலைக்காரம்மா. “தண்ணி எப்ப வளரும், வெண்கலம் எப்பக் குடிக்கும், ரெண்டும் தெரிஞ்சவ. இந்த ஊருல உலை வெச்சிருக்கிற எவனுக்காவது ரெண்டும் தெரியுமான்னு கேட்டுட்டு வா. எனக்கே தெரியாது. இப்ப குடத்தை வை, தண்ணி வீணாப் போகுது.”